ஆறாண்டு நின்ற அம்பாசடரில் பழைய பெட்ரோலை வடிப்பது எப்படி?

கேள்வி: அப்பா வாங்கிய 1978ஆம் ஆண்டு அம்பாசடர், திருவையாற்றில் எங்கள் கொட்டகையில் ஆறு ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. டேங்கில் பாதியளவு பெட்ரோல் இருக்கிறது. அடியில் லேசான கசிவும் தெரிகிறது. டியூப் போட்டு வாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, ஓட்டையை வெல்டிங் வைத்து அடைக்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். வாயால் உறிஞ்சும்போது ஒரு வாய் பெட்ரோல் தவறி மூச்சுக்குழாயில் இறங்கினாலே நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்படும். யாரேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வாந்தியின்போது அது நுரையீரலுக்குள் போகக்கூடும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது என்பதால், அது தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கி, சற்றுத் தள்ளியிருக்கும் அடுப்பிலோ பம்ப்செட் ஸ்டார்ட்டரின் பொறியிலோ பற்றிக்கொள்ளும். ஆகவே வெயில் ஏறுவதற்கு முன், வைக்கோல் போரிலிருந்து தொலைவான திறந்த களத்துக்குக் காரைக் கையால் தள்ளிக்கொண்டு வாருங்கள். டேங்க் மூடியைத் திறப்பதற்கு முன்பே பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். உலர் பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். எரியும் பெட்ரோலின் மீது தண்ணீர் ஊற்றினால் தீ பரவவே செய்யும்.

பிளாஸ்டிக் வாளியை எடுக்காதீர்கள், பெட்ரோல் ஓடும்போது உண்டாகும் நிலைமின்சாரம் அதிலிருந்து மண்ணுக்கு இறங்காது. உலோக கேனைத் தரையிலேயே வைத்து, கேனையும் காரின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியையும் ஒரு கம்பியால் இணைத்த பிறகு, பெட்ரோலுக்கென்றே விற்கும் கைப்பம்பால் வடியுங்கள். டியூப்பின் முனை கேனின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் சிறு மோட்டாரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

அடியில் எஞ்சுவதை, வடிகால் திருகு இருந்தால் அதன் வழியே இறக்குங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். ஆற்றோர ஊர்களின் ஈரக்காற்றில் ஆறாண்டு நின்ற டேங்க் உள்ளிருந்தே துருப்பிடித்திருக்கலாம், கசிவுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

நான் மிகவும் அஞ்சுவது வெல்டிங்கைத்தான். காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை பெட்ரோல் ஆவி கலந்திருந்தால் அது தீப்பிடிக்கும். காலி டேங்கில் அந்தக் கலவை உருவாக நிறைய இடமிருக்கிறது. துருவிலும் மடிப்புகளிலும் ஒளிந்திருக்கும் பெட்ரோல், தண்ணீர் விட்டு அலசிய பின்னும் சூடு பட்டதும் ஆவியாகும். எனவே டேங்கைக் கழற்றி, அதை நீராவியால் சுத்தம் செய்து, உள்ளே ஆவி இல்லை என்று கருவியால் சோதித்த பிறகே வெல்டிங் வைக்கும் பட்டறையாகப் பார்த்துக் கொடுங்கள். துரு முற்றியிருந்தால் வேறு டேங்க் மாற்றுவதே நல்லது.

வடித்த பெட்ரோலை வாய்க்காலிலோ மண்ணிலோ ஊற்றினால் அது உங்கள் கிணற்றுக்கே வந்து சேரக்கூடும். கேனை இறுக மூடி, மேலே ‘பழைய பெட்ரோல்’ என்று எழுதி நிழலில் வைத்துவிட்டு, யாரிடம் ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.