குழந்தைக்கு வயிற்றுப்போக்கு: வெறும் தண்ணீர் போதாதா, ஓஆர்எஸ் ஏன்?

ஒரு நாளில் 3 முறையோ அதற்கு மேலோ தண்ணியாகப் போனால் அது வயிற்றுப்போக்கு. ஆபத்து கிருமியைவிட, நீரும் உப்பும் வெளியேறுவதில்தான். குடலில் உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் நீர் நன்றாக உள்ளே இழுபடும். இரண்டு சாவியும் போட்டால் திறக்கும் பேங்க் லாக்கர் மாதிரி. வெறும் தண்ணீரில் அந்தச் சாவிகள் இல்லை. உப்பும் குளுக்கோஸும் அளவாகக் கலந்த பொடியான ஓஆர்எஸ்ஸில் இரண்டும் இருக்கின்றன.

1 லிட்டருக்கான பெரிய ஓஆர்எஸ் பாக்கெட் முழுவதையும் 1 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். தண்ணீர் குறைந்தால் உப்பு கூடிவிடும், அது கெடுதல். ஊட்டி மாதிரி மலையூரில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் தளதளவெனக் கொதி வந்தபின் 3 நிமிடம் விட்டு, ஆறவைத்துக் கலக்குங்கள். 2 வயதுக்குள் என்றால், ஒவ்வொரு முறை போனபின்னும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி வந்தால் 10 நிமிடம் பொறுத்துத் தொடருங்கள். கண் குழிவது, துவண்டுபோவது, மலத்தில் ரத்தம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான்.

பாலை நிறுத்தினால் போக்கு நின்றுவிடும் என்பது தவறு. தாய்ப்பாலையும் வழக்கமான சாப்பாட்டையும் தொடர்ந்து கொடுங்கள்.