டர்போ இன்ஜினில் பூஸ்ட் கூட்டியபின் ஸ்பார்க் பிளக் கேப் எவ்வளவு வைக்க வேண்டும்?

கேப்பை, அதாவது பிளக்கின் இரண்டு எலக்ட்ரோடு முனைகளுக்கு இடையிலான தூரத்தை, 0.7 மி.மீ.யில் தொடங்குங்கள். ரீமேப் செய்த (இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றிய) பெட்ரோல் டர்போ, ஐடிலிங்கில் சீராக ஓடுகிறது, ஆனால் ஃபுல் த்ராட்டில் கொடுத்தால் 3500 ஆர்பிஎம் பக்கம் வெட்டி வெட்டி இழுக்கிறது என்கிறீர்கள். கேப் அதிகமாக இருந்தால் இப்படித்தான் தெரியும்.

பூஸ்ட் என்பது டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம். அது கூடி சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏற, அதே இடைவெளியைப் பொறி தாண்டக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் காயிலின் திறனை அது மிஞ்சிவிட்டால் பொறியே விழாது. ரெட்லைனுக்கு (ஆர்பிஎம்மின் மேல் எல்லைக்கு) முன்பே, டார்க் எனும் இழுவிசை உச்சத்தில் வெட்டுவது இதனால்தான். சிலிண்டரில் காற்று அதிகம் நிரம்புவது அங்கேதான்.

டர்போ இல்லாத இன்றைய கார்களில் 1.0 முதல் 1.1 மி.மீ. சாதாரணம். டர்போவுக்கு 0.7–0.8, பூஸ்ட் நன்றாக ஏற்றியிருந்தால் 0.55–0.65. வெட்டல் நிற்கும்வரை 0.05 மி.மீ. வீதம் குறைத்துப் பாருங்கள். நின்ற இடத்தோடு விட்டுவிடுங்கள். தேவையில்லாமல் 0.5க்கு இறக்கினால் பொறியின் சூட்டை எலக்ட்ரோடுகளே உறிஞ்சிவிடும், ஐடிலிங் நடுங்கும்.

அளக்கக் கம்பி வகை கேஜ் வாங்குங்கள். தேய்ந்த பிளக்கில் தட்டை ஃபீலர் கேஜ் பள்ளத்தைக் கணக்கில் எடுக்காது. நாணயம் போன்ற கேஜை இரிடியம் பிளக்கில் நுழைத்து நெம்பவே கூடாது. ஊசி போன்ற நடு முனை உடைந்துவிடும். வளைக்க வேண்டியது பக்க எலக்ட்ரோடை மட்டும், அதுவும் கொஞ்சம்தான். 1.1 பிளக்கை 0.6க்கு வளைத்தால் முனை சாய்ந்து நிற்கும். என்ஜிகே (NGK) நிறுவன பிளக்கில் மாடல் எண்ணின் கடைசியில் 11 என்று இருந்தால் 1.1 மி.மீ. என்று பொருள், அதற்குப் பதில் 8 என்று முடிவதை வாங்குவது மேல். புதிய பிளக்கையும் அளந்தே போடுங்கள்.

ஹீட் ரேஞ்ச், அதாவது பிளக் சூட்டை வெளியேற்றும் வேகம், வேறு விஷயம். பூஸ்ட் கணிசமாக ஏறியிருந்தால் சூட்டை வேகமாக வெளியேற்றும் ஒரு படி கோல்டு பிளக் தேவைப்படும். என்ஜிகேவில் 6க்குப் பதில் 7.

மாட்டும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். அலுமினிய ஹெட், 14 மி.மீ. மரை, வாஷர் வகை என்றால் 25–30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. மரைக்கு 15–20 போதும்.

கழற்றிய பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடு தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் பொறி வெளிப்பக்கமாகவே பிளக்கின் உலோக உடலுக்குத் தாவியிருக்கிறது. அந்த பிளக்கோடு காயிலின் ரப்பர் உறையையும் (பூட்) மாற்றாமல் கேப்பை மட்டும் குறைத்தால், சில நாளில் அதே வெட்டல் திரும்பி வரும்.