பதில்: படுக்கைப்புண் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை

வணக்கம் தங்கச்சி. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள உங்கள் வார்டில் படுக்கைப்புண் மாதக் கணக்கு ஒத்துப்போகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அங்கே ஒரே படுக்கைப்புண்ணை ஒருவர் 'பெட்சோர்', இன்னொருவர் 'பிரஷர் அல்சர்', மூன்றாமவர் 'இடுப்பில் சிவப்பு' என்று கணினியில் அடித்தால் மாதக் கணக்கு எப்படிச் சேரும்? எங்கள் வார்டிலும் இதே கூத்துதான்.

சொற்களை நீங்களே உருவாக்காதீர்கள். உலக செவிலியர் பேரவையின் ஐ.சி.என்.பி. (செவிலியர் பணிக்கான பொதுச் சொற்கள்) தொகுப்பை எடுங்கள், 1989இல் முடிவெடுத்துத் தொடங்கிய வேலை அது. அதில் செவிலியர் கணிப்புக்கு, அதாவது நோயாளியின் நிலை பற்றி நாம் எழுதும் முடிவுக்கு, இரண்டு கட்டாயம்: எதைப் பற்றி, அதன் நிலை என்ன. 'தோல்' என்று மட்டும் எழுதினால் போதாது. செயலென்றால் என்ன செய்தோம், யாருக்கு அல்லது எதற்கு என்பது வேண்டும். 'திருப்பினேன்' என்பது பாதி வாக்கியம்தான்.

'சிவப்பு' என்ற சொல்லை மட்டும் முதலில் தூக்கிவிடுங்கள். கறுத்த தோலில் முதல் நிலைப் புண் (தோல் இன்னும் கிழியாத தொடக்கம்) சிவப்பாகவே தெரியாது. தொட்டால் சூடு, கெட்டித்தன்மை, வலி, இவைதான் காட்டிக்கொடுக்கும். நம் ஊர் நோயாளிகளில் எத்தனை பேருக்கு அது தவறிப்போகும், யோசியுங்கள்.

அப்புறம், விருப்பப்படி எழுதும் பெட்டியை மூடிவிடாதீர்கள். பாட்டி ஏன் திரும்பிப் படுக்க மறுக்கிறார் என்பதற்குக் குறியீடு கிடையாது. முதலில் அந்தத் தொகுப்பிலிருந்து பத்துச் சொல்லோடு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்.