ட்ரெய்லர் பூட்டும் சத்தம் போதுமா?

கேள்வி: தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து எங்கள் ஊர் சிப்காட்டுக்குக் கன்டெய்னர் கொண்டுவரும் ட்ரெய்லரில் என் மகன் கிளீனராகச் சேர்ந்திருக்கிறான். “டக்” என்று சத்தம் கேட்டாலே ட்ரெய்லர் பூட்டிவிட்டதாகப் பொருள் என்கிறான். அது சரியா? கழற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகர், கங்கைகொண்டான்

பதில்: சத்தத்தை மட்டும் நம்பக் கூடாது. ட்ரெய்லரின் முன்பகுதிக்கு அடியில் இருக்கும் கிங் பின் என்ற தடித்த எஃகு முளையின் கழுத்தை, இழுவை வண்டியின் மேலுள்ள ஃபிஃப்த் வீல் என்ற இணைப்புத் தட்டின் தாடை முழுமையாகக் கவ்வியிருக்க வேண்டும். ட்ரெய்லர் அளவுக்கு மீறி உயர்ந்து நின்றால், கிங் பின் தாடைக்குள் இறங்காமல் அதன் மேலேயே அமர்ந்துவிடும்; அப்போதும் சத்தம் கேட்கக்கூடும். தட்டு ட்ரெய்லரின் அடியைத் தொட்டு, அதைச் சற்றே தூக்கிக்கொண்டு உள்ளே போவதுதான் சரியான உயரம். கிங் பின் 2 அங்குலம், 3.5 அங்குலம் என இரண்டு அளவுகளில் வருவதால், புதிய ட்ரெய்லரை எடுக்கும்போது தாடையும் அதே அளவுக்குரியதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

பூட்டியதும், ட்ரெய்லரின் பிரேக் பிடித்திருக்கும் நிலையிலேயே, ஓட்டுநர் முதல் கியரில் மெல்ல முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு வண்டியை அணைத்து, பார்க்கிங் பிரேக் போட்டு, தட்டுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே இடைவெளி இல்லை என்பதையும் தாடை மூடியிருப்பதையும் டார்ச் அடித்துக் கண்ணால் பார்க்க வேண்டும். அங்கே பகலிலும் வெளிச்சம் போதாது. அதன் பிறகே, கழற்றிய ட்ரெய்லரின் முன்பகுதியைத் தாங்கி நிற்கும் தாங்குகால்களை உயர்த்தலாம். வண்டி பின்னால் வரும்போது இரண்டுக்கும் நடுவே உங்கள் மகன் ஒருபோதும் நிற்கக் கூடாது. யார் அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

கழற்றும்போது தரைதான் முதல் கவலை. கயத்தாறு, ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் மண், ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்துவிட்டால், சரக்கேற்றிய ட்ரெய்லரின் கால்கள் அதில் புதைந்துவிடும். அகலமான பலகை வைத்தே காலை இறக்க வேண்டும். கால்கள் பாரத்தைத் தாங்கிய பின்னரே காற்றுக் குழாய்களையும் மின்கம்பியையும் கழற்றி, பூட்டின் கைப்பிடியை இழுக்க வேண்டும். தட்டு வெளியே வந்ததும், இழுவை வண்டியின் சேஸ் (அடிச்சட்டம்) இன்னும் ட்ரெய்லருக்கு அடியில் இருக்கும்போதே ஒருமுறை நிறுத்திக் கால்களைப் பார்ப்பது நல்லது; கால் மடங்கினாலும் ட்ரெய்லரின் மூக்கு தரையில் மோதாமல் சேஸின் மேல் அமரும். ஸ்பிரிங் பிரேக் (காற்று இறங்கினாலும் ஸ்பிரிங் விசையால் பிடித்திருக்கும் பிரேக்) இல்லாத பழைய ட்ரெய்லராக இருந்தால், தொட்டியிலுள்ள காற்று கசியக் கசியப் பிரேக் தளர்ந்துவிடும் என்பதால், கழற்றத் தொடங்கும் முன்பே சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட வேண்டும்.