தழை மரத்து இலையில் முடிச்சு: உள்ளே இருப்பது யார்?

கல்யாண முருங்கையில் துளிரெல்லாம் வீங்கி, இலை சுருண்டு கொட்டுகிறது. வைரஸ் நோயா? தழையை ஆட்டுக்குப் போடலாமா? (பாலக்கோடு)

வைரஸ் இல்லை, குளவி. வீங்கிய காம்பு ஒன்றைப் பிளேடால் குறுக்கே அறுத்துப் பாருங்கள். சின்னச் சின்ன அறைகளும், ஒவ்வொன்றிலும் காலில்லாத வெள்ளைப் புழுவும் தெரியும். முற்றிய வீக்கத்தில் குண்டூசியால் குத்தியது போல வட்டத் துளைகள் இருந்தால், குளவி வெளியே போய்விட்டது என்று அர்த்தம். ஆள் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். குவாட்ராஸ்டிகஸ் எரித்ரினே என்று இதற்குப் பெயர் வைத்ததே 2004-ல்தான். அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் தென்னிந்தியாவுக்கும் வந்துவிட்டது.

முட்டை குளவியாக ஏறக்குறைய 20 நாள் போதும். புழு இலைக்குள்ளேயே இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து அதை எட்டுவது கடினம். வீங்கிய கிளைகளை வெட்டி உடனே எரித்துவிடுங்கள். வேலியோரம் குவித்து வைத்தால் அங்கிருந்தே குளவி கிளம்பும். ஹவாய்த் தீவுகளில் இதற்கு எதிரியான இன்னொரு குளவியை ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து 2008-ல் விட்டார்கள்.

முடிச்சு இருப்பதாலேயே தழை விஷமாகிவிடாது. ஆடு தின்றால் புழுவும் சேர்ந்து ஒழியும். மருந்து அடித்த மரத்துத் தழையை மட்டும் போடாதீர்கள்.

புங்கன் இலையில் விரல் விரலாக முடிச்சு. வெட்டிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. (ஊத்தங்கரை)

இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. தென்னங்குரும்பையைச் சுரண்டும் ஈரியோபைட் சிலந்தி (வலை பின்னும் சிலந்தி அல்ல, ‘மைட்’ என்னும் நுண்ணுயிர் போன்ற சிற்றுயிர்) தெரியுமல்லவா, அதன் பங்காளி இது. நீளம் 0.2 மில்லிமீட்டர், கால்கள் நான்கே. கண்டிப்பாகச் சொன்னால் இது பூச்சியே அல்ல. முடிச்சுக்கு நேர் மறுபக்கம் இலையில் சிறு வாய் போன்ற திறப்பு இருக்கும், உள்ளே மயிர் அடர்ந்திருக்கும். இந்த இரண்டும் இருந்தால் சிலந்திதான். வளர்ந்த மரத்துக்கு இதனால் பெரிய சேதமில்லை, விட்டுவிடுங்கள்.

அத்தி இலை முடிச்சுகளைப் பாட்டிலில் போட்டு வைத்தேன். பச்சையாக மின்னும் குட்டிக் குளவிகள் வந்தன. இவைதான் முடிச்சு போடுகின்றனவா? (பென்னாகரம்)

பாட்டிலில் போட்டுப் பார்த்தீர்களே, அதற்கே ஒரு சபாஷ்! ஆனால் பிடிபட்டது திருடனல்ல, போலீஸ். அத்தி இலையில் இந்த முடிச்சைப் போடுவது பாரோசில்லா டிப்ரெஸ்ஸா என்ற சைலிட், அதாவது சாறு உறிஞ்சும் ஒரு வகைச் சின்னப் பூச்சி. உங்களிடம் வந்தது அநேகமாக அதைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவி. முடிச்சிலிருந்து எது வெளியே வந்தாலும் அதையே குற்றவாளி என்று எழுதிவைப்பது, படித்தவர்களிடமும் நான் பார்க்கும் பழக்கம்.

அதனால் பறித்த முடிச்சுகளில் பாதியை அன்றைக்கே அறுத்துப் பாருங்கள். தட்டையாக, ஆறு காலோடு, சில சமயம் வெள்ளை மெழுகு பூசியது போல இருந்தால் சைலிட் குஞ்சு. காலில்லாமல் ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறத்தில் நெளிந்தால் முடிச்சு ஈயின் புழு. நெல்லில் வரும் ஆனைக்கொம்பன் ஈ இந்த வகையறாதான். இலை மடிந்தோ சுருண்டோ இருந்து, உள்ளே ஒல்லியான பூச்சிகள் கும்பலாக ஓடினால் இலைப்பேன். மீதிப் பாதியைத் துணி கட்டிய பாட்டிலில் போடுங்கள். ஒரு பாட்டிலுக்கு ஒரு வகை முடிச்சு மட்டும். அப்புறம் வெளியே வருவதையும் உள்ளே பார்த்ததையும் ஒப்பிடுங்கள்.

சூபாபுல் துளிர் சுருண்டு பிசுபிசுக்கிறது. இதுவும் முடிச்சுப் பூச்சியா? (தேன்கனிக்கோட்டை)

இல்லை. இதுவும் சைலிட்தான், ஆனால் முடிச்சு போடாது; துளிரில் வெளியே உட்கார்ந்து சாறு உறிஞ்சும். 1988-ல் இந்தியாவுக்கு வந்தது. பொறிவண்டுகள் கண்ணில் பட்டால் மருந்தை எடுக்காதீர்கள்.

மாந்தோப்பைச் சுற்றிப் புங்கன் வேலி. அந்த முடிச்சு மாவுக்குத் தாவுமா? (காவேரிப்பட்டணம்)

தாவாது. முடிச்சு போடுகிறவை பெரும்பாலும் ஒரே மரத்தையோ அதன் நெருங்கிய உறவையோதான் தொடும். மா இலையில் கடுகு கடுகாகத் தெரிவது மாவுக்கே உரிய ஈயின் வேலை. சந்தேகம் என்றால் பையூர் ஆராய்ச்சி நிலையமோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையமோ உங்களுக்குப் பக்கம்தான். இலையைப் பாலிதீன் பையில் திணித்தால் வியர்த்து அழுகிவிடும். செய்தித்தாளில் மடித்து, மரத்தின் பெயரையும் பறித்த தேதியையும் எழுதி எடுத்துப் போங்கள்.