முஸ்கடே வேறு, முஸ்கா வேறு

தம்பி, பாரிசுக்கு வந்து நாலு மாதம், குசினியில் வேலை, சனிக்கிழமை முதலாளி வீட்டில் சிப்பி விருந்து, என்ன வெள்ளை வைன் கொண்டுபோகலாம், வதிவிட கார்ட் எப்ப கிடைக்கும், பாஷை எப்படிப் பிடிபடும் என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர். கார்டுக்கு ஒரு நல்ல சட்டத்தரணியைப் பிடியும். பாஷை குசினியிலேயே வரும். வைனைப் பற்றித்தான் சொல்லவேணும், எங்கடை ஆக்கள் வழுக்கி விழுகிற இடம் அது.

சிப்பிக்கு முஸ்கடே. லுவார் ஆறு கடலில் சேருகிற நாந்த் பக்கத்து வைன். 1709 இல் விழுந்த கடும் உறைபனியில் அங்கே முந்திரிகைக் கொடிகள் பட்டுப்போக, குளிர் தாங்குகிற மெலோன் து புர்கோன் என்ற வகையை நட்டார்கள். இன்றைக்கும் அதே பழம்தான். பெயர் ஒரே மாதிரி இருக்குதென்று முஸ்கா து ரிவ்சால்த்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அது மதுவின் அளவு 15 பாகையும் அதற்கு மேலும் உள்ள இனிப்பு வைன். சிப்பியோடு குடித்தால் உப்புத் தண்ணீரில் சீனி கரைத்த மாதிரி இருக்கும்.

லேபிளில் இரண்டு விஷயம் பாரும். ஒன்று, 'செவ்ர் எ மேன்' என்ற பகுதிப் பெயர், இரண்டு ஆறுகளின் பெயரால் வந்தது. மற்றது 'ஸ்யூர் லீ'. நொதித்து முடிந்த ஈஸ்ட் அடிமண்டியின் மேலேயே வைனை ஒரு குளிர்காலம் கிடக்க விட்டு, மார்ச் 1க்குப் பிறகுதான் போத்தலில் அடைப்பார்கள். அதனால்தான் நாக்கில் மெல்லிய சுருசுருப்பும் கொஞ்சம் பாண் மணமும் வரும். பழசு என்றால் நல்லது என்று ஆறேழு வருடப் போத்தலைத் தேடாதேயும். சாதாரண முஸ்கடே இரண்டு மூன்று வருடத்துக்குள் குடிக்கிற சாமான். வைத்துக் குடிக்க வேணுமென்றால் கிளிசோன், கோர்ஜ் என்று ஊர் பெயர் போட்டது வாங்கும், கொஞ்சம் விலை கூட.

விலை உயர்ந்த சிவப்புப் போர்தோ வைனைக் காட்டினால்தான் மரியாதை என்று நினைக்கிற சில அண்ணன்மார் இருக்கிறார்கள். சிப்பியோடு சிவப்பைக் குடித்தால் வாயில் ஆணி கடித்த மாதிரி உலோகச் சுவை வரும். சிவப்பு வைனிலுள்ள இரும்பு கடலுணவுக் கொழுப்போடு சேருவதால் வருகிற வினை. முஸ்கடேயின் புளிப்போ எலுமிச்சம்புளியின் வேலையைச் செய்யும், மணம் குறைவென்றபடியால் சிப்பியை மூடாது.

குளிர் 8 முதல் 10 பாகை. பிரிட்ஜில் இருந்து எடுத்துப் பத்து நிமிடம் வைத்தால் போதும். அவசரமென்றால் வாளியில் ஐசும் தண்ணீரும் பாதிக்குப் பாதி, இருபது நிமிடம். வெறும் ஐஸ் மெதுவாகத்தான் குளிர்த்தும், இடையில் காற்று நிற்கும். கிளாசுக்குள் ஐஸ் போடாதேயும், சபையில் சிரிப்பார்கள். ஆறு பேருக்கு இரண்டு போத்தல் காணும். வெங்காய வினாகிரியைச் சிப்பியில் ஊற்றினால் வைன் செத்துப்போகும். எலுமிச்சை இரண்டு சொட்டு, கறுத்த பாண், உப்பு வெண்ணெய், அவ்வளவுதான். நீர் கொண்டுபோன போத்தலை அன்றைக்கு உடைக்காமல் வைத்தால் கோபிக்காதேயும், அது அவர்களின் வழக்கம். குடிக்காதவர் என்றால் 'ழ ந புவா பா' என்று சொல்லிவிடும், ஒருத்தரும் வற்புறுத்த மாட்டார்கள்.

எங்கடை நண்டுக்கறிக்கு முஸ்கடே சரிவராது. உறைப்பு இருந்தால் புளிப்பும் மதுவும் இன்னும் எரியும். அதுக்கு அதே லுவார்க்கரையின் வூவ்ரே 'தெமி செக்', கொஞ்சம் இனிப்பு உள்ளது. பொரித்த சூடை மீனுக்கோ பாற்சொதிக்கோ முஸ்கடே நன்றாகவே போகும்.

மிஞ்சின வைனை ஊற்றிவிடாதேயும். ஒரு கிலோ கறுப்பு மட்டிக்கு ஒரு கிளாஸ் வைன், இரண்டு சின்ன வெங்காயம், ஒரு துண்டு வெண்ணெய், மூடி போட்டுப் பெரும் நெருப்பில் ஐந்து நிமிடம். வாய் திறக்காததைத் தூக்கி எறியும். குசினியில் நிற்கிற உமக்கு மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.