வெள்ளை பூத்த நிலம்: உவர் அல்ல, களர்

உங்கள் வயலில் வெள்ளை பூத்திருக்கிறது, தண்ணீர் இறங்காமல் நிற்கிறது, மண் ஆய்வில் பி.எச் (காரத்தன்மை அளவு) 9.2, மின்கடத்துத் திறன் (கரைந்த உப்பின் அளவு) மீட்டருக்கு 1.6 டெசிசீமென்ஸ் என்கிறீர்கள். உப்பு குறைவு, காரம் அதிகம்; எனவே இது கரையும் உப்பு மிகுந்த உவர் நிலம் அல்ல, சோடியம் மிகுந்த களர் நிலம். வெறும் நீரால் அலசவே வேண்டாம். சோடியம் பிடித்த களிமண் கலைந்து, மண்ணின் துளைகளை மேலும் அடைத்துவிடும். முதலில் வடிகால் வெட்டுங்கள். அதில்லாமல் எத்தனை டன் ஜிப்சம் (மண்ணில் பிடித்த சோடியத்தை விடுவிக்கும் கால்சியம் உப்பு) கொட்டினாலும் வீண், இதை அழுத்திச் சொல்கிறேன். பிறகு வயலைச் சமன்செய்து வரப்பு கட்டி, ஆய்வறிக்கை காட்டும் ஜிப்சத் தேவையில் பாதியைத் தூவி, மேல் 10 செ.மீ. மண்ணில் மட்டும் கலக்குங்கள். ஆழ உழுதால் ஜிப்சம் அதிக மண்ணில் பரவி வீரியம் குறையும். ஜிப்சம் கலந்த பிறகு, 10 செ.மீ. உயர நீரைப் பத்து நாள் தேக்கி, விடுபட்ட சோடியத்தோடு வடித்துவிடுங்கள். அடுத்து பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டு விதைத்து 45ஆம் நாள் மடக்கி உழுங்கள். பாசன நீரையும் சோதியுங்கள். அதில் பைகார்பனேட் என்ற கார உப்பு மிகுந்திருந்தால் களர் அந்த நீரிலிருந்தே வரக்கூடும்.